தடுமாற்றத்தைக் கண்டறியும் தொழில்

தொழிலும் வாழ்வும்

பிள்ளை எந்தத் தொழிலுக்குப் படிக்க விரும்புகிறான் என்று கேட்டால் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று விடை வந்த காலத்தில் பெற்றோர்க்குக் குழப்பம் இல்லை. அத்தொழில்களைச் செய்வோரை அவர்கள் நேரில் கண்டிருந்தனர். இன்று பீன்யாவிலும் தாசரஹள்ளியிலும் ஜாலஹள்ளியிலும் வாழும் நம் குடும்பங்களில் மகளோ மகனோ, “யு.ஐ., யு.எக்ஸ். படிக்கப் போகிறேன்” என்று சொல்லும்போது தந்தை தாயைப் பார்க்கிறார், தாய் தந்தையைப் பார்க்கிறார். அது படம் வரையும் தொழிலா, கணிப்பொறித் தொழிலா? அதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? கட்டினால் வேலை கிடைக்குமா? இவ்வையங்களுக்கு இத்திங்கள் இயன்ற அளவு விடை கூற முற்படுவோம்.

பெயரும் பொருளும்

யு.ஐ. என்பது பயனர் இடைமுகம். கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ நம் கண்ணுக்குத் தோன்றும் எழுத்து, பொத்தான், நிறம், படம், இடைவெளி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். யு.எக்ஸ். என்பது பயனர் அனுபவம். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்கியது முதல் முடிக்கும் வரை எங்கே எளிதாகச் சென்றார், எங்கே தயங்கினார், எங்கே சலித்துக் கைவிட்டார் என்பதெல்லாம் அதன்பாற்படும். முன்னதை முகம் என்றால் பின்னதைப் பழக்கம் எனலாம். முகம் அழகாக இருந்தும் பழகுவதற்கு இடர் தரும் மனிதர் உண்டு. செயலிகளிலும் அத்தகையவை உண்டு.

இத்தொழிலின் உயிர்நிலை, பிறர் தடுமாறும் இடத்தைக் கண்டறிதலாகும். வரைதல் அதற்குப் பின்னரே வருகிறது. இதனை விளங்கிக்கொள்ள நாம் பீன்யாவை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. 1970களில் உருப்பெற்றுச் சிறு தொழிற்கூடங்களால் நிறைந்த இவ்வட்டாரத்தில், பவர் பிரஸ் இயக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் நம்மிடையே பலர். தகட்டை டைக்குள் வைத்த கையை எடுக்குமுன் மேல் அச்சு இறங்கிவிட்டால் விரல் போயிற்று. “கவனமாக இரு” என்று சுவரில் எழுதி வைத்ததனால் அவ்விபத்து நின்றதில்லை. இரண்டு பொத்தான்களை எட்ட எட்ட அமைத்து, இரு கைகளாலும் ஒருங்கே அழுத்தினாலன்றி அச்சு இறங்காதவாறு செய்தபோது, இரு கைகளும் டைக்கு வெளியே இருந்தே தீரவேண்டும் என்னும் நிலை வந்தது. அறிவுரை செய்ய இயலாததை அமைப்பு செய்தது.

அதனோடு சிக்கல் தீரவில்லை. ஒரு பொத்தானைக் கட்டையாலோ கயிற்றாலோ அழுத்தி நிறுத்திவிட்டு, மறு பொத்தானை மட்டும் தட்டி வேலை செய்வோர் தோன்றினர். தொழிலாளியின் அறியாமை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடத்தில் ஒவ்வொரு நொடியும் காசு என்பதை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கமாட்டார். பொத்தானை ஒவ்வொரு முறையும் விட்டு எடுத்து அழுத்தினாலன்றி இயங்காத அமைப்புகள் பின்னர் வந்தன. நல்ல வடிவமைப்பாளர் அங்கும் நில்லாமல், “அவர் ஏன் கயிறு கட்டினார்?” என்று கேட்பார். கேட்பதோடு அமையாமல், அவர் அருகில் ஒரு நாள் முழுதும் நின்று பார்ப்பார். அந்தப் பார்வையே இத்தொழிலின் மூலதனம்.

தொழில் வந்த வழி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 என்னும் பெரிய குண்டு வீச்சு விமானங்கள், பத்திரமாகத் தரையில் இறங்கிய பின்னர் ஓடுபாதையிலேயே வயிறு தட்டிச் சேதமுற்றன. விமானியின் பிழை என்றே முதலில் எழுதப்பட்டது. 1943இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலறிஞர் விமானியின் அறையை ஆராய்ந்தார். இறக்கையின் மடலை இயக்கும் விசையும், சக்கரத்தை உள்ளிழுக்கும் விசையும் ஒன்றையொன்று ஒத்து அருகருகே இருந்தன. களைத்துப் போன விமானி ஒன்றை நினைத்து மற்றொன்றை இயக்கினார். சப்பானிஸ் சக்கரத்தின் விசைக்குச் சக்கர வடிவமும், மடலின் விசைக்கு ஆப்பு வடிவமும் கொடுக்கச் செய்தார். கை தொட்டவுடன் வேறுபாடு தெரிந்தது. விமானியைத் திருத்த முயலாமல் விசையைத் திருத்தினார் என்க.

இந்த அறிவு பின்னர்த் தொலைபேசி, தொழிற்சாலை, கணிப்பொறி என்று பரவியது. அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி டான் நார்மன் 1988இல் எழுதிய நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. அவரே 1990களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, ‘பயனர் அனுபவம்’ என்னும் தொடரைத் தம் பதவிப் பெயரில் சேர்த்துக்கொண்டு அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தார். பெயர் புதிது, தொழில் பழையது.

நம் அண்டையில் உள்ள சான்று ஒன்றைக் கூறுவோம். 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பீன்யாவை அடுத்த ஜாலஹள்ளியில் உள்ளது. நாம் வாக்களிக்கும் மின்னணுப் பொறியைச் செய்யும் இரு பொதுத்துறை நிறுவனங்களுள் அது ஒன்று. மற்றொன்று ஐதராபாத்தில் உள்ளது. அப்பொறியின் புறவடிவை அமைத்தவர்கள் பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்கள். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணுப் பொறி முதன்முதல் பயன்பட்டது. 2004இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் பொறியினாலேயே நடைபெற்றது.

அடுத்த முறை வாக்களிக்கும்போது அப்பொறியைச் சற்று உற்றுப் பாருங்கள். வேட்பாளரின் பெயருக்கு நேரே அவருடைய சின்னம். சின்னத்திற்கு நேரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தியவுடன் சிவப்பு விளக்கு. பதிந்தது என்று காட்ட நீண்ட ஒலி. எழுத்து அறியாத பாட்டியாரும் எவர் துணையும் இன்றித் தம் வாக்கைத் தாமே அளிக்கின்றார். கண்ணுக்கு ஓர் அடையாளம், காதுக்கு ஓர் அடையாளம் என்று இரண்டையும் வைத்தவர், வாக்களிப்போரின் அச்சத்தை முன்னரே எண்ணிப் பார்த்தவர் ஆவார். பார்வையற்றோர் தடவி அறியும் பிரெய்ல் எண்களும் பின்னாளில் அதில் சேர்ந்தன.

இதற்கு மாறான சான்றும் அண்மையில் வந்தது. வங்கிக் கணக்குத் தொடங்கவும் சிம் அட்டை பெறவும் இன்று கைப்பேசியின் கேமரா முன் முகம் காட்ட வேண்டியிருக்கிறது. உயிருள்ள ஆள்தானா என்று அறியச் சில செயலிகள் கண்ணைச் சிமிட்டச் சொல்கின்றன. அமில வீச்சினால் கண்ணும் முகமும் சிதைந்தோர் எவ்வாறு சிமிட்டுவர்? வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. எண்ணியல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, அடையாளச் சரிபார்ப்பு முறைகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வண்ணம் திருத்துமாறு பணித்தது. ஒரு திரையை அமைத்தவர் நினையாமல் விட்ட ஒரு மனிதர், தம் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. இத்தொழிலை அழகு வேலை என்று எண்ணுவோர் இத்தீர்ப்பை நினைவில் வைத்தல் நன்று.

நம் பிள்ளைகளின் கைமுதல்

புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தொழிலில் ஒரு கைமுதல் உண்டு. அது பணமன்று. பேருந்தின் கன்னடப் பலகையைத் தாய்க்குப் படித்துச் சொன்னவர் யார்? பக்கத்து வீட்டு மாமாவின் வருங்கால வைப்புநிதி விண்ணப்பத்தைக் கைப்பேசியில் நிரப்பிக் கொடுத்தவர் யார்? பணம் அனுப்பும் செயலியில் அத்தையின் விரல் எந்தப் பொத்தானின்மேல் நடுங்கி நிற்கும் என்பதை அறிந்தவர் யார்? வசதியான வீட்டில், ஒரே மொழியில் வளர்ந்த பிள்ளை, பிறர் தடுமாற்றத்தைப் பெரும்பாலும் நூலில் படித்தே அறியவேண்டும். நம் பிள்ளை அதனைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே கண்டிருக்கிறது.

மொழியும் அவ்வாறே. தமிழை வைத்து ஒரு திரையை அமைத்துப் பார்த்தாலே இது விளங்கும். ஆங்கிலத்தில் ‘லாகின்’ என்று சிறிதாக முடியும் சொல் தமிழில் ‘உள்நுழைக’ என்று நீள்கிறது. ஆங்கிலச் சொல்லை அளவாகக் கொண்டு வெட்டிய பொத்தானில் அது அடங்காமல் பாதியில் அறுபடுகிறது. மேலே புள்ளியும் விசிறியும் கீழே உகரச் சுழியும் பெறும் நம் எழுத்துக்கு வரிகளின் இடைவெளி மிகுதியாக வேண்டும். தராவிட்டால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். முகப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வீடு’ என்று எழுதியிருக்கும் செயலிகளை நாம் கண்டதில்லையா? ‘ஹோம்’ என்பதை ஆளின்றி மொழிபெயர்த்ததன் விளைவு அது. இவற்றைக் கண்டவுடன் பிழை என்று உணரும் கண், பயிற்சியால் வருவதற்கு முன்னே தாய்மொழியால் வருகிறது.

ஆயினும் தமிழ் ஒன்றே போதும் என்று எவரும் எண்ணலாகாது. பயனரிடம் பேசிக் குறையறிவது இத்தொழிலில் பாதி. இவ்வூர் மக்களிடம் அவர்கள் மொழியில் பேச இயலாதவர் அரைக்காதோடு வேலை செய்பவரே. கன்னடத்தைத் தெளிவாகப் பேசப் பழகுதல் நம் பிள்ளைகளுக்கு மரியாதையும் ஆகும், தொழிலும் ஆகும். அலுவலகத்தில் தம் முடிவை எடுத்துரைக்க ஆங்கிலமும் வேண்டும்.

கற்கும் வழிகள்

முறையான கல்வி வேண்டுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகம், தும்கூர்ச் சாலையிலிருந்து பிரியும் எச்.எம்.டி. இணைப்புச் சாலையில், பீன்யாவின் அண்டையிலேயே உள்ளது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தோன்றியது அந்நிறுவனம். அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து பாராட்டிய பொருள் நம் வீடுகளில் உள்ள செம்பு ஆகும். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பில் எவ்வாறு அமரவேண்டும், எவ்வாறு சாய்த்து ஊற்றவேண்டும் என்பவற்றையெல்லாம் பல தலைமுறையினர் பயன்படுத்திப் பயன்படுத்தித் திருத்திய வடிவம் அது என்பது அவர்கள் கருத்து. 2006இல் தொடங்கிய பெங்களூரு வளாகத்தில் ஊடாட்ட வடிவமைப்பு, தகவல் வடிவமைப்பு, அனைவர்க்குமான வடிவமைப்பு முதலிய முதுநிலைப் படிப்புகள் இடம்பெற்றுள்ளன. அவற்றிற்குப் பட்டம் பெற்றோர் நுழைவுத் தேர்வு எழுதிச் செல்லலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு இளநிலை வடிவமைப்புப் பட்டம் உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனங்களுக்கு ஒரு நுழைவுத் தேர்வும், ஐ.ஐ.டி.கள் சிலவற்றிற்கு யுசீட் என்னும் தேர்வும், முதுநிலைக்குச் சீட் என்னும் தேர்வும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. இவை பாடத்தை ஒப்பிக்கும் தேர்வுகளல்ல. கூர்ந்து நோக்குதல், வரைந்து காட்டுதல், எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றைச் சோதிப்பவை. தகுதி, வயது, கட்டணம் ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறர் சொல் கேட்டு முடிவு செய்யலாகாது.

அத்தேர்வுகளில் இடம் பெறுவோர் சிலரே. மற்றையோர்க்கு வழியில்லையா எனில், உண்டு. இத்தொழிலில் பலர் பொறியியல், வணிகவியல், உளவியல், நுண்கலை முதலிய வேறு படிப்புகளிலிருந்து வந்தவர்கள். வேலை தருவோர் பட்டத்தோடு, பல இடங்களில் பட்டத்தினும் மேலாக, கேட்பது ‘போர்ட்ஃபோலியோ’ என்னும் பணித் தொகுப்பு. அதில் முப்பது அழகிய திரைகள் இருப்பதைவிட, நன்கு செய்த இரண்டு மூன்று முயற்சிகள் இருத்தல் சிறப்பு. யாருடைய இடர்ப்பாடு, அதனை எவ்வாறு அறிந்தீர், முதலில் எண்ணிய தீர்வு யாது, சோதனையில் அது எங்கே தோற்றது, பிறகு எதை மாற்றினீர் என்பது அத்தொகுப்பில் ஒழுங்காக விளங்கவேண்டும்.

பணம் கட்டுமுன்

தனியார் பயிற்சிக் கூடங்கள் பல தோன்றியுள்ளன. அவற்றுள் நல்லனவும் உண்டு; ‘வேலை உறுதி’ என்னும் பலகையை மட்டும் நம்பி நிற்பனவும் உண்டு. தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். முன்னர்ப் படித்தவர்களின் பணித் தொகுப்புகளைக் காட்டுவார்களா? படித்து முடித்தோர் இருவருடன் தனியே பேச விடுவார்களா? கற்பிப்பவர் இத்தொழிலில் எத்தனை ஆண்டு பணிபுரிந்தார்? இடையில் நின்றால் பணம் திரும்புமா? உறுதி என்பது எழுத்தில் உள்ளதா, வாய்ச்சொல்லா? கட்டணம் தவணையாகக் கொள்ளப்படும் என்று கூறி, உண்மையில் ஒரு கடன் நிறுவனத்தின் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறார்களா? இவற்றிற்குத் தெளிவான விடை தராத இடத்தில் பணம் செலுத்துதல் வேண்டா.

பணமின்றித் தொடங்கவும் இயலும். ஃபிக்மா என்னும் கருவியில் தொடக்க நிலைப் பயன்பாட்டிற்குக் கட்டணம் இல்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி முன்னின்று நடத்தும் ‘டிசோர்ஸ்’ என்னும் இணையக் கல்விக் களஞ்சியம் எவர்க்கும் திறந்துள்ளது. இவற்றை வைத்துக்கொண்டு மூன்று திங்கள் பின்வருமாறு முயன்று பார்க்கட்டும்.

முதல் திங்களில் பார்த்தல். நம் தெருவில் பலர்க்கும் இடர் தரும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்க. வைப்புநிதித் தொகையைக் கேட்டு விண்ணப்பித்தல் ஒன்று. மெட்ரோச் சீட்டைக் கைப்பேசியில் எடுத்தல் ஒன்று. அதனைச் செய்யும் ஐந்து பேரின் அருகில் அமர்க. ஐவரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000இல் எழுதினார். வறியவர்க்கு உகந்த ஆராய்ச்சி முறை அது. அருகில் அமர்ந்தவர் உதவிக்குக் கை நீட்டலாகாது. மனத்தில் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு மட்டும் கேட்டுக்கொண்டு, விரல் நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் “எனக்குத் தெரியவில்லையே கண்ணு” என்று நாணினால், “நீங்கள் தேர்வு எழுதவில்லை அம்மா, இந்தச் செயலிதான் தேர்வு எழுதுகிறது” என்று சொல்லிவிடுங்கள். அவருடைய கடவுச்சொல்லையும் ஒருமுறை எண்ணையும் பார்த்தலோ, அவர் பெயரைத் தொகுப்பில் எழுதுதலோ கூடாது. நம்பி அருகில் அமர்த்தியவர்க்கு நாம் செய்யும் கடமை அது.

இரண்டாம் திங்களில் வரைதல். தாளும் பென்சிலும் போதும். திரைகளைத் தாளில் வரைந்து, அதே ஐவரிடம் காட்டி, “எதை அழுத்துவீர்கள்?” என்று கேட்க. தாளைக் கசக்கி எறிவதற்குச் செலவில்லை. மூன்றாம் திங்களில் அதனைக் கருவியில் ஏற்றி, மாதிரி செய்து, வேறு ஐவரிடம் சோதித்து, கண்டதை எழுதுக. மூன்று திங்கள் முடிவில் கையில் ஒரு முயற்சி இருக்கும். அதைவிடப் பெரிய பயன், இவ்வேலை தனக்குப் பிடித்திருக்கிறதா என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வரைவதில் விருப்பமும், பிறர் அருகில் பொறுமையாக அமர்வதில் சலிப்பும் உள்ளவர்க்கு ஓவியமோ விளம்பரக் கலையோ பொருந்தலாம். அதனைச் செலவின்றி அறிவது நன்றன்றோ?

உள்ளதை உள்ளவாறே

தொடக்க நிலை வேலைக்குப் போட்டி மிகுதி என்பதை மறைத்தல் ஆகாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு வரி சொன்னால் ஒரு திரையை நொடியில் வரைந்து காட்டுகின்றன. ஆதலின் வரையும் திறம் ஒன்றை மட்டும் விற்கச் செல்வோர்க்கு வருங்காலம் கடினமே. அத்தையின் விரல் ஏன் நடுங்கியது என்பதை அக்கருவி அருகில் அமர்ந்து கண்டதில்லை. அதைக் கண்டு, எடுத்துரைத்து, முதலாளி கேட்காவிட்டாலும் பணிவோடு வலியுறுத்தும் ஆளுக்கு இடம் இருக்கும். நேரே இவ்வேலை கிடைக்காதோர் மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் உதவி, வலைப்பக்கம் நிரலெழுதுதல் ஆகிய அடுத்த அறைகளில் நுழைந்து இவ்வறைக்கு வருதலும் உண்டு.

பீன்யாப் பிள்ளைகளுக்குச் சிறப்பாக ஒன்று. இன்று சி.என்.சி. இயந்திரங்களும் பிற தொழிற்கூடப் பொறிகளும் தொடுதிரைகளால் இயக்கப்படுகின்றன. அத்திரைகளை அமைப்போர்க்குக் கூடத்தின் இரைச்சலும், எண்ணெய் படிந்த கையுறையும், இரவு முறையின் களைப்பும் தெரிந்திருத்தல் வேண்டும். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ படித்துப் பட்டறையில் நின்ற இளைஞர், தாம் படித்தது வீணாயிற்று என்று எண்ணாமல், அவ்வறிவின்மேல் இத்தொழிலைக் கட்டலாம்.

எனவே, பிள்ளை இத்தொழிலைக் கேட்டால் பெற்றோர் உடனே மறுக்கவும் வேண்டா. உடனே கடன் வாங்கவும் வேண்டா. முதலில் அந்த ஐவரின் அருகில் அமர்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். வந்தபின் என்ன கண்டாய் என்று கேளுங்கள். அந்த ஐவருள் ஒருவராக நீங்களே அமர்ந்து, தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வீர்களாயின், பிள்ளையின் முதல் பாடத்திற்கு அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.